‘தீங்கற்ற கட்டி’ அல்ல, புற்றல்லாக் கட்டி

‘பினைன் ட்யூமர்’ என்பதைத் ‘தீங்கற்ற கட்டி’ என்று எழுதும் பழக்கம் நோயாளிக்கான கையேடு, ஒப்புதல் படிவம், நாளிதழ் மருத்துவப் பக்கம் என எல்லா இடத்திலும் படிந்துவிட்டது. தாடைக் கட்டிகளைப் பொறுத்தவரை இது ஆபத்தான மொழிபெயர்ப்பு.

மூலம் லத்தீனின் ‘பெனிக்னுஸ்’. ‘நற்பிறப்புடைய’ என்பது வேர்ப்பொருள், ‘கனிவான’ என்பது வழக்குப் பொருள். மருத்துவத்தில் அது சொல்வது ஒன்றுதான்: இது புற்று அல்ல. நோயாளிக்குத் தீங்கு வராது என்ற உறுதி அதில் இல்லை.

பல் உருவாக்கும் திசுவிலிருந்து தாடை எலும்பில் வளரும் அமெலோபிளாஸ்டோமா என்ற கட்டியைப் பாருங்கள். பத்தில் எட்டு கீழ்த்தாடையில், பெரும்பாலும் கடைவாய்ப் பகுதியில் வரும். வலி இருக்காது. மெல்ல வீங்கும், பல் ஆடும், எலும்பு முட்டை ஓடுபோல் மெலியும். இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயில் பெரும்பாலும் பல அறைகளாகத் தெரியும். ஆனால் படத்தை மட்டும் நம்பி முடிவுசெய்யக் கூடாது. சில பல்சார் நீர்க்கட்டிகளும் அதே தோற்றம் காட்டும் என்பதால் திசுப் பரிசோதனை கட்டாயம்.

வெறுமனே சுரண்டி எடுத்தால் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் திரும்ப வருகிறது. கட்டியின் உயிரணுக்கள் எலும்பு மச்சையின் இடுக்குகளுக்குள் ஊடுருவி நிற்பதே காரணம். ஆகவே படத்தில் தெரியும் விளிம்பைத் தாண்டி 1 முதல் 2 செ.மீ. வரை நல்ல எலும்பையும் சேர்த்து வெட்டுகிறார்கள். கீழ் விளிம்பில் 1 செ.மீ. உறுதியான எலும்பு மிஞ்சினால் தாடையின் தொடர்ச்சியைக் காப்பாற்றலாம். மிஞ்சாவிட்டால் அந்தத் துண்டையே அகற்றி, டைட்டானியம் தகடும் கீழ்க்காலின் வெளிப்பக்க எலும்பும் (ஃபிபுலா) வைத்துக் கட்ட வேண்டும். தாடை நரம்பும் போனால் கீழுதடு மரத்துவிடும். இத்தனையும் செய்யவைக்கும் கட்டிக்குத் ‘தீங்கற்ற’ என்ற அடைமொழி எப்படிப் பொருந்தும்? ‘தீங்கற்றதுதானே’ என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுபவர் அந்தச் சொல்லை நம்பித்தான் தள்ளிப்போடுகிறார்.

‘பரவாக் கட்டி’ என்பாரும் உண்டு. வேறு உறுப்புக்குத் தாவுவது மிக அரிது என்ற அளவில் சரி. எலும்புக்குள்ளேயே பரவுவதை அது மறைத்துவிடுகிறது. ‘சாதாரணக் கட்டி’ பற்றிப் பேசவே வேண்டாம். அமெலோபிளாஸ்டோமாவுக்குப் ‘பற்சிப்பிக் கட்டி’ என்று பெயர் வைத்ததும் இதே அவசரம்தான்: பற்சிப்பியை (எனாமலை) ஆக்கும் உயிரணுக்களின் சாயல் அதில் உண்டு, பற்சிப்பி கிடையாது. பற்சிப்பி இருப்பது, பல்லின் திசுக்களே திரண்டு உருவாகும் ஒடன்டோமா என்ற வேறொரு கட்டியில். அதைத் தோண்டி எடுத்தாலே போதும், திரும்ப வருவது அரிது. இரண்டையும் பெயரால் குழப்பினால் சிகிச்சையும் குழம்பும். அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்கள் அறுவை மருத்துவரிடம் ஒருமுறை கேட்டிருந்தால் இவை வந்திரா.

‘புற்றல்லாக் கட்டி’ என்பதே பொருத்தம். ‘புற்றிலா’ என்றால் புற்று இல்லாதது. ‘புற்றல்லா’ என்றால் புற்றே அல்லாதது. சொல்ல வேண்டியது பின்னதைத்தான். ஒப்புதல் படிவத்தில் இப்படி எழுதலாம்: ‘இது புற்றல்லாக் கட்டி. ஆனால் தாடை எலும்பை அரிக்கும், மிச்சம் விட்டால் திரும்ப வரும். அறுவைக்குப் பின் குறைந்தது 10 ஆண்டுகள் தொடர்ந்து படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.’