உப்புப் போட்டு அரைத்த சாவி

குடியாத்தம் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “கணினியைப் பழுது பார்க்கக் கொடுத்திருந்தேன். தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் செயலியில் என் மின்னஞ்சல் கடவுச்சொல் சேமித்திருந்தது. அதை யாராவது எடுத்திருக்க முடியுமா?”

முதன்மைக் கடவுச்சொல், அதாவது சேமித்த கடவுச்சொற்களையெல்லாம் காக்க அந்தச் செயலியிலேயே வைக்கும் தனிச் சொல், வைக்காதிருந்தால், முடியும். கடவுச்சொல்லைச் சர்வரிடம் சொல்லியாக வேண்டும் என்பதால், செயலி அதைத் திரும்ப எடுக்கக்கூடிய விதத்தில்தான் பூட்டுகிறது. பூட்டிய சொற்கள் ஒரு கோப்பில், சாவி அதே கோப்புறையில் வேறொரு கோப்பில். இரண்டையும் பென்டிரைவில் நகலெடுத்தால் போதும்.

முதன்மைக் கடவுச்சொல் வைத்தால் அந்தச் சாவியும் பூட்டப்படுகிறது. எனக்கு மிகவும் பிடித்த வேலை இங்கேதான் நடக்கிறது. நீங்கள் தட்டும் சொல்லோடு தற்செயலாகப் பிறந்த சில எழுத்துகளைச் செயலி கலக்கிறது. அதற்குப் பெயரே உப்பு! 1979-இல் பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்துக்காக விளக்கிய முறை இது. அவர்களுடைய உப்பு ஒரே சொல்லை 4,096 விதமாக மாற்றியது. அதனால் திருடன் முன்கூட்டியே விடைப்பட்டியல் தயாரித்து வைத்துக்கொள்ள முடியாது. ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் கெடாமல் காக்கும் உப்பைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்தப் பெயர் மேல் தனிப் பிரியம்.

உப்புப் போட்டதை அரைக்கிறார்கள், அதாவது திரும்பப் பெற முடியாதபடி ஒரு கணக்கில் போட்டு உருமாற்றுகிறார்கள், அரைத்ததை மறுபடி அரைக்கிறார்கள், பல்லாயிரம் முறை. மாவிலிருந்து அரிசி திரும்பாது. ஒரு சொல்லுக்கு இத்தனை அரைப்பும் முடிய 0.1 விநாடி என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு அது தெரியவே தெரியாது. ஆறு இலக்க எண்கள் பத்து லட்சத்தையும் முயன்று பார்ப்பவனுக்கோ ஏறக்குறைய 28 மணி நேரம். அரைப்பது 10,000-இல் ஒரு பங்காக இருந்தால் பத்தே விநாடி.

ஆனால் பிறந்த தேதியை வைத்தால் இந்த உழைப்பெல்லாம் வீண். நூறு ஆண்டுகளில் 36,525 நாள்கள்தான். ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். எண் கணிதம் பார்த்துக் கூட்டுத்தொகை 5 வரும்படி கடவுச்சொல் அமைப்பதை இங்கே பலர் நம்புகிறார்கள். அது தேடவேண்டிய இடத்தைச் சுருக்கித் திருடனுக்குக் கொடுக்கிறது. இந்த மூடநம்பிக்கை எனக்கு உண்மையிலேயே கோபமூட்டுகிறது. தொடர்பில்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களைச் சேர்த்து வையுங்கள். மறந்துவிட்டால் சேமித்தவை போய்விடும், ஆகவே தாளில் எழுதிப் பீரோவில் வைக்கலாம்.

குடியாத்தம் நண்பர் முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லையே மாற்ற வேண்டும். இன்று போடும் பூட்டு, அன்றே நகலாகிப் போன கோப்பைக் காக்காது.