கீமோதெரபி: வீட்டு அலமாரிக்கு வந்துவிட்ட ஒரு சொல்

"கீமோ எல்லாம் முடிஞ்சுது. இனிமே மாத்திரை மட்டும்தான்." பெருங்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த என் பெரியம்மா, பார்க்க வந்த எல்லோரிடமும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் ஊசி குத்தி டிரிப் ஏற்றியது கீமோ, வீட்டில் விழுங்குவது வெறும் மாத்திரை. அந்த மாத்திரையின் பெயர் கேப்பசிட்டபின். ஊறுகாய் ஜாடிக்கும் பி.பி. மாத்திரைக்கும் நடுவில் அது சாப்பாட்டு மேசையில் கிடந்தது. பெரிய மாத்திரை, தொண்டையில் சிக்குகிறது என்றதும் அக்கா அதை இஞ்சி தட்டும் சின்ன உரலில் இடித்து, தேனில் குழைத்துக் கொடுத்தாள். அவளுடைய மூன்று வயதுப் பெண் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வேறு ஏதோ கேட்க மருத்துவமனைக்குப் போன் செய்தபோதுதான் செவிலியருக்கு விஷயம் தெரிந்தது. "ஐயோ, அதை இடிக்கக் கூடாதும்மா. அதுவும் கீமோதான்" என்றார்.

அவர் சொன்னது அப்படியே உண்மை. டிரிப்பில் ஏற்றும் பழைய புற்றுநோய் மருந்துகளில் ஒன்று ஃபுளோரோயுராசில். கேப்பசிட்டபின் மாத்திரை உடலுக்குள் போய் அந்த ஃபுளோரோயுராசிலாகவே மாறுகிறது. வழிதான் வேறு, மருந்து அதே மருந்து. எங்கள் வீட்டில் நடந்த தவறுக்குக் கவனக்குறைவு காரணமில்லை. கீமோ என்ற சொல்லை நாங்கள் புரிந்துகொண்டிருந்த விதம்தான் காரணம். அதனால்தான் அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க நினைத்தேன்.

கீமோதெரபியில் இரண்டு துண்டுகள். முதல் துண்டான 'கீமோ' வேதிப்பொருளைக் குறிக்கிறது. கிரேக்கத்தில் கீமியா, அரபியில் அல்கீமியா என்று வழங்கி ஐரோப்பாவுக்குப் போன சொல் அது. தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்கும் வித்தைக்குப் பெயராக இருந்து, பிறகு ஓர் அறிவியலுக்கே பெயரானது. நம் சித்தர் பாடல்களிலும் இதே வித்தை உண்டு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் வேதை. ஒன்றை இன்னொன்றாக மாற்றுவது வேதித்தல். பள்ளிக்கூடத்தில் வேதியியல் என்று படிக்கிறோமே, அந்தப் பெயருக்குள் இருப்பது இந்த வேதித்தல்தான். ஆகவே கீமோவுக்கு 'வேதி' என்று எழுதும்போது வெறும் ஒலிபெயர்ப்பைவிட ஆழமான பொருத்தம் கிடைக்கிறது. இரண்டு சொற்களும் ஒரே பட்டறையில் பிறந்தவை.

இரண்டாவது துண்டு 'தெரபி'. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. கிரேக்கத்தில் தெரபேயா என்றால் முதலில் பணிவிடை, அருகிலிருந்து கவனித்துக்கொள்வது. நோய் தீர்ப்பது என்ற பொருள் அதிலிருந்து வந்தது. தெரபோன் என்றால் கூடவே இருக்கும் பணியாள். நாம் சொல்லும் 'சிகிச்சை' வடமொழியிலிருந்து வந்தது. அதன் வேரும் கவனித்தல், உற்று அறிதல் என்ற பொருளுடையது. திருக்குறளின் மருந்து அதிகாரத்துக் கடைசிக் குறள், 950, மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறது: உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். நோயாளி, மருத்துவர், மருந்து மூவரும் நமக்குத் தெரிந்தவர்கள். உழை என்றால் பக்கம். பக்கத்திலேயே இருந்து வேளை தவறாமல் மருந்து கொடுப்பவர்தான் உழைச்செல்வான். கிரேக்கத் தெரபோனுக்கு இதைவிட நெருங்கிய தமிழ்ச்சொல் எனக்குத் தெரிந்து இல்லை. மருத்துவமனையில் இந்த இடத்தில் செவிலியர் நிற்கிறார். மாத்திரை வீட்டுக்கு வந்தபிறகு அந்த இடம் அக்காவுடையது. அவளிடம் அதை யாரும் சொல்லவில்லை.

இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மன் அறிஞர் பால் எர்லிக். நோய்க்கிருமியைத் தேடிப்போய்த் தாக்கும் வேதிப்பொருளைக் கொண்டு நோயைத் தீர்ப்பது என்ற பொருளில் அவர் சொன்னார். அவருடைய ஆய்வகத்தில் ஹாத்தா என்ற ஜப்பானியர் 1909-இல் சோதித்துக் கண்டறிந்த ஆர்செனிக் மருந்து, 1910-இல் சால்வர்சான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அது மேக நோய்க்கான (சிஃபிலிஸ்) மருந்து. அப்போது இந்தச் சொல்லுக்கும் புற்றுநோய்க்கும் பெரிய தொடர்பு கிடையாது.

இதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு நிலையத்தின் அன்றைய பெயர் காசநோய் கீமோதெரபி மையம். இன்றைக்கு அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். காசநோய்க்காரர்களைச் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுக்கவைத்த காலம் அது. இந்த மையம் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மற்றவர்களை வீட்டிலேயும் வைத்து, இருவருக்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தது. 1959-இல் முடிவு வெளியானது: வீட்டில் மாத்திரை சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்திருந்தார்கள். வீட்டில் இருப்பவர் மாத்திரையை உண்மையிலேயே விழுங்குகிறாரா என்று அறிய, சொல்லாமல் வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். கீமோதெரபி என்ற சொல் சென்னைக்காரர்களின் வீட்டுக்குள் மாத்திரையாகத்தான் முதலில் நுழைந்தது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

புற்றுநோய்ப் பக்கம் சொல் திரும்பியது 1940-களில். போர்க்கால நச்சுவாயு ஆய்விலிருந்து கிடைத்த நைட்ரஜன் மஸ்டர்ட் என்ற வேதிப்பொருளை 1942-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நிணநீர்ப் புற்றுநோயாளிக்குக் கொடுத்தார்கள். போர் ரகசியம் என்பதால் 1946 வரை வெளியே சொல்லவில்லை. அதையடுத்து வந்த கதையில் நம் பக்கத்து மனிதர் ஒருவர் இருக்கிறார். ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1923-இல் அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ். ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைச் செயற்கையாகத் தயாரித்த அவருடைய குழு, அந்த அமிலத்தைப் போலவே தோற்றம் காட்டி உயிரணுவை ஏமாற்றும் பொருள்களையும் தயாரித்தது. அதில் ஒன்றான அமினோப்டெரினை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். நோய் தற்காலிகமாகவேனும் பின்வாங்கியதை 1948-இல் அறிவித்தார். சுப்பாராவ் அதே ஆண்டு இறந்துபோனார்.

அமினோப்டெரினின் உடன்பிறப்புதான் மெத்தோட்ரெக்சேட். ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகள் வீட்டில் சாப்பிடும் மாத்திரை. மிகக் குறைந்த அளவில் முடக்குவாதத்துக்கும் சொரியாசிசுக்கும் கூட அதையே எழுதித் தருகிறார்கள். இந்த வீட்டு மாத்திரையை வழக்கமாக வாரத்தில் ஒருநாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவதை நிறுத்திவிடும். வாய் முழுக்கப் புண் வரும், காய்ச்சல் வரும், உயிரே போகலாம். உலகம் முழுக்க இந்த ஒரு தவறு திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. நம் கை மற்ற மாத்திரைகளுக்கெல்லாம் 'தினமும் ஒன்று' என்றே பழகியிருப்பதுதான் காரணம்.

இங்கே தமிழில் நமக்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது: கிழமை. பழந்தமிழில் கிழமை என்றால் உரிமை. செவ்வாய்க்கிழமை என்பது செவ்வாய்க்கு உரிய நாள். இலங்கைத் தமிழில் கிழமை என்றாலே ஒரு வாரம். மெத்தோட்ரெக்சேட்டுக்கும் இப்படி ஒரு கிழமையைப் பட்டா போட்டுக் கொடுத்துவிடுங்கள். மருத்துவரிடம் கேட்டு, சீட்டிலேயே 'வியாழக்கிழமை மட்டும்' என்று முழுதாக எழுதி வாங்குங்கள். அதையே காலண்டரில் வட்டமிட்டு, சாப்பிட்டதும் அடித்துவிடுங்கள். மற்ற நாளில் சாப்பிடச் சொல்லி ஃபோலிக் அமில மாத்திரையும் சிலருக்குத் தருவார்கள். இரண்டுமே சின்னதாக, மஞ்சளாக இருப்பதுண்டு, ஒரே டப்பாவில் போடாதீர்கள். சிறுநீர்த் தொற்றுக்கும் சளிக்கும் சாதாரணமாகத் தரும் கோட்ரைமாக்சசோல் மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்ந்தால் ஆபத்தாகலாம். அதனால் புற்றுநோய் மருத்துவருக்குத் தெரியாமல் வேறு எந்த மருந்தும், வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ கூட, உள்ளே போகக் கூடாது.

மாத்திரை என்ற சொல்லையும் ஒருமுறை பார்த்துவிடலாம். இலக்கண வகுப்பில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று படித்திருப்போம். மாத்திரை என்றாலே அளவு. அளந்து தருவதால்தான் மருந்துக்கும் அந்தப் பெயர். கீமோ மாத்திரையில் அந்த அளவை நோயாளியின் உயரத்தையும் எடையையும் கணக்கிட்டே பெரும்பாலும் முடிவு செய்கிறார்கள். கேப்பசிட்டபின் 500 மில்லிகிராமிலும் 150 மில்லிகிராமிலும் வருகிறது. சிலருக்கு இரண்டையும் கலந்து கொடுப்பார்கள். புது அட்டை வாங்கும்போதெல்லாம் எண்ணைப் படித்துப் பாருங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகப் போடுவது கூடாது. விழுங்கியதும் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொன்று கொடுப்பதும் கூடாது. போன் செய்து கேட்க வேண்டும். கேப்பசிட்டபின் உணவு முடிந்து அரைமணி நேரத்துக்குள் தண்ணீரோடு. மூளைக் கட்டிக்குத் தரும் டெமோசோலோமைடு பெரும்பாலும் வெறும் வயிற்றில். ஒன்றுக்குச் சொன்னதை இன்னொன்றுக்குப் பொருத்த முடியாது.

சரி, அக்கா செய்திருக்க வேண்டியது என்ன? இந்த மருந்துகள் வளரும் உயிரணுவைத் தாக்குபவை. நோயாளியின் அணு, பக்கத்திலிருப்பவரின் அணு என்று பார்ப்பதில்லை. உடைத்தால் தூள் பறக்கும், தோலில் படும், மூச்சில் போகும். எனவே இடிப்பதோ உடைப்பதோ கேப்சூலைத் திறப்பதோ வேண்டாம். விழுங்க முடியாவிட்டால் மருத்துவமனையில் சொன்னால் மாற்றுவழி சொல்வார்கள். எடுத்துக் கொடுப்பவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தொடவே கூடாது. சமையலறையில் வைக்காமல், பூட்டுகிற அலமாரியில் வைக்க வேண்டும். மருந்து சாப்பிட்டபின் குறைந்தது 2 நாளுக்கு சிறுநீர், மலம், வாந்தியில் மருந்தின் மிச்சம் இருக்கும். கழிப்பறையில் மூடியை மூடி இரண்டு முறை தண்ணீர் விடுவதும், அழுக்கான துணியைத் தனியே துவைப்பதும் அதற்காகத்தான். மீந்த மாத்திரையைக் குப்பையில் போடாமல் மருத்துவமனை மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். நோயாளியைத் தொட, கட்டிப்பிடிக்க, கூட உட்கார்ந்து சாப்பிட எந்தத் தடையும் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பயந்துபோய்த் தள்ளி உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், தமிழில் இதை எப்படி எழுதுவது? 'இரசாயன சிகிச்சை' என்று எழுதுபவர்கள் உண்டு. இலங்கையில் பாடமே இரசாயனவியல் என்பதால் அங்கே அது இயல்பாகக் காதில் விழும். ஆனால் சித்த, ஆயுர்வேத வழக்கில் இரசாயனம் என்பது உடலைத் தேற்றும் மருந்து. கடைத்தெருப் பேச்சிலோ பூச்சிக்கொல்லி. இரண்டுமே இங்கே பொருந்தவில்லை. 'வேதிப்பண்டுவம்' தூய தமிழ்தான். பண்டுவம் என்றால் வைத்தியம், பண்டுவம் பார்ப்பது என்ற வழக்கும் அழகானது. பாமரருக்கு விளங்குமா என்பதுதான் கேள்வி. என் கணக்கில் 'வேதிச்சிகிச்சை' நல்ல சொல். எழுத்தில் அதை வைத்துக்கொள்ளலாம். பேச்சில் கீமோ வேரூன்றிவிட்டது, அதைப் பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் மாத்திரைக்கும் அந்தப் பெயரையே சொல்லுங்கள்: கீமோ மாத்திரை, வேதிச்சிகிச்சை மாத்திரை.

ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு என்று தோன்றலாம். கீமோ மாத்திரை சாப்பிடுபவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்கக் கூடாது. ராத்திரியானாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெள்ளையணு குறைந்திருந்தால் சாதாரணத் தொற்றும் சில மணி நேரத்தில் முற்றிவிடும். அந்த நேரத்தில் அவசரப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவர் நோயாளியை முன்பின் பார்த்திருக்க மாட்டார். "என்ன மருந்து சாப்பிடுறாங்க?" என்று கேட்பார். "ஏதோ மாத்திரைங்க" என்றால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "கீமோவில் இருக்காங்க, மாத்திரைக் கீமோ, கடைசியா நேத்து ராத்திரி சாப்பிட்டாங்க" என்று சொல்லி அட்டையை நீட்டினால், அப்போதே ரத்தம் எடுக்க ஆள் வருவார்.