பெல்ட்டில் 2500 என்று போட்டிருக்கிறதே, போதாதா?

லாரி ஓட்டப் புதிதாக வருகிறவர்களிடம் ஊறிப்போன ஒரு நம்பிக்கை உண்டு. இரண்டு டன் இரும்புப் பெட்டி எங்கே நகரப்போகிறது, அதன் கனமே அதைப் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். லோடு கட்டும் பயிற்சியில் முதலில் உடைக்க வேண்டியது இதைத்தான்.

எடை கூடினால் உராய்வு கூடும், உண்மைதான். ஆனால் பிரேக் போடும்போது சரக்கை முன்னால் தள்ளும் விசையும் அதே அளவுக்குக் கூடுகிறது. இரண்டு பக்கமும் எடை வருவதால் அது கணக்கிலிருந்தே கழன்றுவிடும். மிஞ்சுவது உராய்வுக் கெழு மட்டும், அதாவது எடையில் எத்தனை பங்கை உராய்வு பிடித்துக்கொள்ளும் என்ற எண். இ.என். 12195-1 என்ற ஐரோப்பியத் தர விதி, முன்பக்கமாக எடையில் 80 சதவீதத்தையும், பக்கவாட்டிலும் பின்பக்கமாகவும் 50 சதவீதத்தையும் தாங்கும்படி சாலையில் லோடைக் கட்டச் சொல்கிறது. வழவழத்துப்போன தளத்தில் மரப் பேலட்டுக்கு (சரக்கை அடுக்கும் பலகைத் தட்டு) கெழு 0.3 என்று கொள்வோம். அப்படியானால் 80-இல் 30-ஐத்தான் உராய்வு பார்த்துக்கொள்ளும். எண்ணெய் படிந்த இரும்பின்மேல் இரும்பு என்றால் 10-கூடத் தேறுவது சிரமம். லோடு ஏற்றுமுன் பாடியைப் பெருக்கித் துடைப்பது சுத்தத்துக்காக அல்ல.

மீதியைப் பெல்ட் பார்த்துக்கொள்ளும் என்றால், எந்தப் பெல்ட், எப்படி? கைப்பிடியை அசைத்து இறுக்கும் 50 மி.மீ. ராட்செட் பெல்ட்டின் லேபிளில் எல்.சி. 2500 என்று இருக்கும். அது பெல்ட் தாங்கக்கூடிய இழுவிசை. ஓர் அலகு ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்குச் சமம். சரக்கின் மேலாகப் போட்டு இறுக்கும்போது அந்த எண் உதவாது. அப்போது பெல்ட் சரக்கை இழுத்துப் பிடிப்பதில்லை. தளத்தோடு அழுத்தி உராய்வைக் கூட்டுகிறது, அவ்வளவே. பார்க்க வேண்டியது அதே லேபிளில் உள்ள எஸ்.டி.எஃப்., அதாவது ராட்செட்டைக் கையால் இறுக்கினால் பெல்ட்டில் நிற்கும் விசை. பெரும்பாலும் 300 முதல் 500 வரைதான்.

கணக்குப் போடலாம். 1000 கிலோ பேலட், கெழு 0.3. தேவை 800, உராய்வு தருவது 300, குறைவு 500. அதை ஈடுகட்ட 500-ஐ 0.3-ஆல் வகுத்து, சுமார் 1670 கிலோ அழுத்தம் வேண்டும். எஸ்.டி.எஃப். 300 உள்ள பெல்ட் இரு பக்கமும் செங்குத்தாக இறங்கினால் 600 கிலோ அழுத்தும். தர விதி பாதுகாப்புக்காகக் கேட்கும் 1.25 மடங்கையும் சேர்த்தால் நான்கு பெல்ட். அடியில் ரப்பர் விரிப்பைப் போட்டுக் கெழுவை 0.6 ஆக்கினால், கணக்குப்படி ஒன்றே போதும். அது அறுந்தால் என்ன ஆகும் என்பதற்காக இரண்டு போட வேண்டும். தட்டையான சரக்கில் பெல்ட் தளத்துக்கு 30 பாகையில் சாய்ந்து இறங்கினால் அழுத்தம் பாதியாகிவிடும்.

இதைவிட உறுதியான வழி, சரக்கைப் பாடியின் முன்பக்கச் சுவரான முன்தடுப்போடு ஒட்டவைப்பது. ஆனால் சின்னதாகவும் கனமாகவும் உள்ள இயந்திரத்தை அங்கே நெருக்கினால் முன் அச்சில் ஏறும் எடை வரம்பு மீறும். அதைச் சரியான இடத்தில் வைத்து, முன்தடுப்பு வரையுள்ள இடைவெளியைக் கட்டை கொடுத்து நிரப்ப வேண்டும். பின்னால் தள்ளினால் இன்னும் மோசம். அச்சுகளுக்கு இடையே 5 மீட்டர் உள்ள லாரியில், பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 2 டன் வைத்தால், பின் அச்சில் 2.4 டன் ஏறும். முன் அச்சில் 400 கிலோ குறையும். ஸ்டியரிங் இலேசாகிவிட்டது என்று ஓட்டுநர் மகிழக்கூடாது. முன் சக்கரம் சாலையைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

ராட்செட் விஷயத்தில் கை பழக வேண்டும். பட்டையை முறுக்கில்லாமல் உருளையின் பிளவில் நுழைத்து, தொய்வு முழுவதையும் கையாலேயே இழுத்த பிறகுதான் கைப்பிடியை அசைக்க வேண்டும். உருளையில் குறைந்தது ஒன்றரைச் சுற்று, அதிகம் போனால் மூன்று. கைப்பிடியில் பைப் செருகி இறுக்குவது கூடவே கூடாது: அது 50 கிலோ கைவிசைக்காகச் செய்தது, மிஞ்சினால் உருளை வளையும், அவிழ்க்கும்போது கைப்பிடி முகத்தில் அடிக்கும். கூர்மையான விளிம்பில் மூலைக்காப்பு வேண்டும். முடிச்சுப் போட்ட பட்டையும் லேபிள் போன பட்டையும் லாரியிலேயே இருக்கக்கூடாது.

கட்டி முடித்தும் வேலை முடியவில்லை. எல்.சி. அளவுக்கு இழுத்தாலும் பாலியஸ்டர் பட்டை 7 சதவீதத்துக்கு மேல் நீளக்கூடாது என்பது தரம். 300-இல் நிற்கும் 6 மீட்டர் பட்டை, தோராயமாக 5 செ.மீ.தான் நீண்டிருக்கும். குலுங்கலில் மூட்டை லோடு 2.5 செ.மீ. அமுங்கினால், இரு பக்கமும் சேர்த்து அந்த 5 செ.மீ.யும் போய்விடும். பெல்ட் பார்வைக்கு அப்படியே இருக்கும், விசை சுழியம். அதனால் கிளம்பிய முதல் 80 கிலோமீட்டருக்குள் ஒருமுறையும், பலமாகப் பிரேக் போட்ட பிறகும் நிறுத்தி இறுக்க வேண்டும். வழியில் பாதி லோடை இறக்கினால், மீதியை அச்சுகளுக்கு ஏற்ப நகர்த்தி, முதலிலிருந்து கட்ட வேண்டும்.