உயிர்த்திரள்: ‘பயோமாஸ்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

சிங்கப்பூரின் கரையோரப் பூந்தோட்டத்தின் கண்ணாடிக் குவிமாடங்களுக்குள் நுழைந்தால் வெளியே கொளுத்தும் வெயில் மறந்தே போகும். அந்தக் குளிர்ச்சிக்கு வேண்டிய ஆற்றலில் ஒரு பங்கு, தீவு முழுக்கப் பூங்காக்களிலும் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களிலும் கழித்துப்போட்ட கிளைகளிலிருந்து வருகிறது. கிளைகளைச் சில்லு சில்லாக அரைத்துத் தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் கொதிகலனில் எரிக்கிறார்கள். நீராவி மின்சாரம் தருகிறது. மிஞ்சும் வெப்பத்தையும் விடுவதில்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்சிய கரைசலை மீண்டும் உலர்த்த அது உதவுகிறது. புகைபோக்கியோ, அங்குள்ள ராட்சதச் செயற்கை மரங்களான சூப்பர்ட்ரீகளில் ஒன்றாக வேடம் போட்டு நிற்கிறது!

இந்தச் சில்லுகளைத்தான் பயோமாஸ் என்கிறார்கள். ‘விறகு என்று சொல்லிவிட்டுப் போகலாமே’ என்று தோன்றும். ஆனால் ஜுரோங் தீவின் தெம்புசு மின், நீராவி ஆலை வளாகத்தில் நிலக்கரியோடு சேர்த்து எரிக்கப்படும் செம்பனைக் கொட்டை ஓடும் பயோமாஸ்தான். அதை யாரும் விறகு என்று சொல்ல மாட்டார்கள்.

தவிர, இந்தச் சொல் அடுப்படியில் பிறந்ததும் அல்ல. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உயிரியலாளர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. ஒரு குளத்தில் நாலு மீனும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களும் இருந்தால், தலையை எண்ணி எதை ஒப்பிடுவது? எல்லாவற்றையும் எடையால் அளந்தார்கள். ஓர் இடத்தில் வாழும் உயிர்கள் அனைத்தின் மொத்தப் பொருளே பயோமாஸ் ஆனது. 1970களில் எண்ணெய் நெருக்கடி வந்த பிறகுதான் எரிபொருள்காரர்கள் இதைப் பரவலாகக் கையில் எடுத்தார்கள். உயிரோடு இருப்பவற்றை அளக்கப் பிறந்த சொல், வெட்டிக் காயவைத்த மரத்துக்கும் பெயரானது.

சொல்லைப் பிரித்தால் முன்பாதி ‘பயோஸ்’, கிரேக்கத்தில் உயிர் வாழ்வு. பின்பாதி லத்தீன் ‘மாசா’ வழியாக வந்தாலும் மூலம் கிரேக்க ‘மாஸா’தான்: வாற்கோதுமை மாவைப் பிசைந்து உருட்டிய கட்டி.

தமிழில் உயிர்நிறை, உயிர்த்திணிவு, உயிரித்திரள், உயிர்த்திரள் என்று பல வடிவங்கள் கிடக்கின்றன. முதல் இரண்டிலும் சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு ஒரு வில்லங்கம் உண்டு. தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூலில் மாஸ் என்றால் நிறை, வெயிட் என்றால் எடை. இலங்கைப் பாடநூலில் மாஸ் என்றால் திணிவு, வெயிட் என்றால் நிறை! இரண்டு பக்கத்து வழக்கும் காதில் விழும் ஊரில் ‘உயிர்நிறை’ என்று எழுதினால் எந்த நிறை என்று கேள்வி வரும்.

திரள் அந்தச் சண்டையில் மாட்டாது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை நமக்குத் தெரியும். உருண்டைக்குத் திரளை என்ற பெயரும் உண்டு. சிதறிக் கிடந்தது ஒன்றாகக் கூடிக் கட்டியாவதுதான் திரள்வது. கிரேக்கனின் மாவுக் கட்டிக்கு இதைவிட நெருங்கிய சொல் கிடைக்காது. உயிரித்திரளிலும் தப்பில்லை, ஆனால் வாயில் வழுக்கிக்கொண்டு வருவது உயிர்த்திரள்தான். என் ஓட்டு அதற்கே.

சரி, ஆய்வுக்கட்டுரைகளில் கூடவே வரும் சொற்கள்? எரிப்பதற்கென்றே வளர்ப்பது ஆற்றல் பயிர். அமெரிக்காவில் சுவிட்ச்கிராஸ் புல், ஐரோப்பாவில் மிஸ்காந்தஸ் புல்லும் வில்லோ மரமும். வில்லோவைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடியோடு வெட்டினாலும் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். கரும்புக்கு நாம் சொல்லும் மறுதாம்பு இதற்கு அப்படியே பொருந்துகிறது. புதுச்சொல் தேட வேண்டாம். சுமார் 735 சதுர கிலோமீட்டர் தீவில் இதற்கெல்லாம் நிலம் ஏது? ஆனாலும் ஆய்வு நடந்தது. டெமாசெக் லைஃப் சயின்சஸ் ஆய்வுக்கூடத்தில் பயோடீசலுக்காக ஜட்ரோஃபாவை மேம்படுத்தப் பாடுபட்டார்கள். ஜட்ரோஃபா வேறொன்றுமில்லை, நம் ஊர் வேலிக் காட்டாமணக்கு. தரிசு நிலத்தில் எண்ணெய் கொட்டும் என்று உலகமே நம்பிய அந்தச் செடி, அப்படிப்பட்ட மண்ணில் பல இடங்களில் எதிர்பார்த்த விளைச்சலைத் தரவில்லை என்பது வேறு கதை.

காட்டு உயிர்த்திரளைப் பொறுத்தவரை மொழிபெயர்ப்பில் கவனம் வேண்டிய இடம் ‘எச்சம்’. மரத்தண்டு பலகைக்குப் போன பின் காட்டில் கிடக்கும் நுனிக்கிளை, சுள்ளி, இலை எல்லாம் வெட்டு எச்சம். இதைக் ‘கழிவு’ என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. மரத்தின் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) எடைக்கு எடை பார்த்தால் தண்டைவிட இலையிலும் சுள்ளியிலும்தான் அதிகம். அவற்றை முழுக்க வாரிக்கொண்டு போனால் மண் இளைத்துவிடுமோ என்பதைத்தான் காட்டு ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் அளந்துகொண்டிருக்கிறார்கள். கழிவு என்று எழுதிவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

அப்புறம், அளவு. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அதனால் ஆய்வாளர்கள் நீரை நீக்கிய எடையில் கணக்குச் சொல்வார்கள். அதை ‘உலர் டன்’ என்று எழுத வேண்டும். ‘உலர்’ விடுபட்டால் படிப்பவர் அதைப் பச்சை மரத்தின் எடை என்று எடுத்துக்கொள்வார்; ஒரு டன் உயிர்த்திரள் அரை டன்னாகச் சுருங்கிவிடும்.