எந்த மணியில் எந்த மூலக்கூறு?

பெங்களூரு பொம்மசந்திரா, ஜிகணி பக்க மருந்து ஆய்வகங்களில் ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டித் தினமும் வந்துபோகும் நம்மூர் வேதியியல் பட்டதாரிகள் நிறைய. மூலக்கூறைச் செய்வது அவர்களுக்குப் பாதி வேலைதான். செய்தது அதுதானா என்று பார்ப்பது மீதிப் பாதி.

ஒன்றுக்கே இந்தப் பாடு. சிறு கூறுகளை விதவிதமாகக் கோத்துப் பல மூலக்கூறுகளை ஒருசேரச் செய்யும் காம்பினடோரியல் கெமிஸ்ட்ரியில் லட்சக்கணக்கில் செய்கிறார்கள். ஹங்கேரியின் ஆர்பாட் ஃபுர்கா 1982இல் எழுதிவைத்த வழி இது: பாலிமர் மணிகளைப் பங்கு பிரித்து, பங்குக்கு ஓர் அமினோ அமிலம் கோத்து, எல்லாவற்றையும் கலந்து, மறுபடி பிரிப்பது. 20 அமினோ அமிலங்கள், ஐந்து சுற்று என்றால் 32 லட்சம் பெப்டைடுகள், அதாவது அமினோ அமிலச் சங்கிலிகள். ஒரு மணியில் ஒரே வகைதான் இருக்கும். ஆனால் எந்த வகை? மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே இருக்கும் மணிகள், பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சோதித்தால் ஆயுள் போதாது. அதனால் மணிகளை ஒட்டும் தகட்டில் ஒரே அடுக்காகப் பரப்பிவிடுகிறார்கள். அப்புறம் அமில ஆவியைக் காட்டுகிறார்கள். மணியோடு பெப்டைடுக்கு இருக்கும் பிடி விடும். ஆனால் அது இடம் மாறாது. திரவமாக ஊற்றினால் பக்கத்து மணிக்கு ஓடிவிடும். மேலே தெளிக்கும் மேட்ரிக்ஸும் (லேசர் ஒளியை உறிஞ்சி, மூலக்கூறுகள் அயனியாகக் கிளம்ப உதவும் பொருள்) ஈரம் கூடாமல் பனிபோல விழ வேண்டும். இந்த வேலையில் கைப்பக்குவம் தேவைப்படும் இடம் இதுதான் என்பேன்.

பிறகு லேசர் வரிசை வரிசையாகத் தகட்டைத் தட்டிப் போகும். தட்டிய இடத்தில் கிளம்பும் அயனிகள் எல்லாவற்றையும் ஒரே ஆற்றலில் குழாய்க்குள் தள்ளினால், லேசானது முந்தும். மின்னூட்டம் ஒன்றேயானால், நான்கு மடங்கு கனமானதுக்கு இரு மடங்கு நேரம். நேரத்தை வைத்து நிறை கிடைக்கிறது. ஒரு நிறையைச் சொல்லிக் கேட்டால், அது எந்தெந்த மணிகளில் இருக்கிறதோ அவை மட்டும் திரையில் ஒளிரும். எதிர்பார்த்த நிறையில் 99 அலகு (டால்டன்) குறைகிறதா? வாலின் என்ற அமினோ அமிலம் கோக்காமல் விட்டுப்போயிருக்கிறது.

நிறை மட்டும் வரிசையைச் சொல்லாது. கிளைசின்-அலனின், அலனின்-கிளைசின் இரண்டுக்கும் ஒரே எடை. அந்த மணியின் அயனியை உடைத்து, துண்டுகளை எடைபோட்டால் வரிசை தெரியும். லியூசின், ஐசோலியூசின் இரண்டும் அச்சு அசல் ஒரே நிறை; சாதாரணமாக உடைத்தாலும் பிரியாது. அதனாலேயே பலர் தொகுப்பைத் திட்டமிடும்போதே ஐசோலியூசினை விட்டுவிடுகிறார்கள்.