நாயின் கண் ஏன் வெளுக்கிறது?

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் பெட்டை நாய்க்குச் சர்க்கரை நோய் என்றார் மருத்துவர். சில வாரங்களில் இரண்டு கண்களும் வெளுத்துவிட்டன. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்கிறார் மாமியார். சர்க்கரைக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு?"

யார் கண்ணும் படவில்லை, அது கண்புரை. நாய்க்குச் சர்க்கரை நோய் வந்தால் கணையம் இன்சுலின் சுரப்பது ஏறக்குறைய நின்றுபோகிறது, ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறுகிறது, சிறுநீரில் வழிகிறது, நாய் ஓயாமல் தண்ணீர் குடித்து இளைக்கிறது. சர்க்கரை ஏறுவதும் தாகமும் இளைப்பும் நாம் வீட்டுப் பெரியவர்களிடம் பார்த்த கதைதான். நாய்க்கென்று தனிக்கதை விழிலென்சில் நடக்கிறது.

லென்சுக்கு ரத்தக்குழாய் கிடையாது. கண்ணுக்குள் தன்னைச் சுற்றியுள்ள நீர்மத்திலிருந்தே அது குளுக்கோஸை எடுத்துக்கொள்கிறது. அதற்கு இன்சுலின் தேவையில்லை. ஆகவே ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் லென்சுக்குள்ளும் ஏறும். அதை ஆற்றலாக்கும் நொதியால் ஓர் அளவுக்கு மேல் சமாளிக்க முடியாது. மிஞ்சியதை ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்னும் வேறொரு நொதி சார்பிடாலாக மாற்றுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது. குளுக்கோஸ் வந்துபோக செல்சவ்வில் வாசல் உண்டு. சார்பிடால் வெளியேற வழி இல்லை. அது உள்ளேயே தேங்கி, சவ்வூடு பரவலால் நீரை இழுக்கிறது. ஊறப்போட்ட கொள்ளு உப்பித் தோல் வெடிப்பதுபோல லென்சின் இழைகள் வீங்கிக் கிழிகின்றன. ஒளி ஊடுருவும்படி ஒழுங்காக அமைந்திருந்த புரதங்கள் குலைய, ஒளி சிதறுகிறது. பூனைக்கும் சர்க்கரை நோய் வரும். ஆனால் வயதான பூனையின் லென்சில் இந்த நொதி மந்தம் என்பதால் அதற்குப் புரை விழுவது அபூர்வம். ஒரு நொதியின் வேகம்தான் இரண்டு விலங்குகளின் பார்வையைப் பிரிக்கிறது!

மருத்துவம் எளிது, ஆனால் தவறக்கூடாது: தினமும் இரண்டு வேளை, உணவோடு இன்சுலின் ஊசி. இன்சுலின் புட்டியில் 40 (ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு) என்றிருந்தால் ஊசிக்குழலிலும் 40 என்றே இருக்க வேண்டும். 100 என்ற குழலை எடுத்தால் அளவு இரண்டரை மடங்கு பிசகும். பெட்டை நாய்க்குக் கருத்தடை அறுவையும் அவசியம். இணைசேரும் பருவத்துக்குப் பின் சுரக்கும் புரோஜெஸ்ட்டிரோன் என்னும் ஹார்மோன், பால்சுரப்பிகளிலிருந்து வளர்ச்சி ஹார்மோனை வரவழைத்து இன்சுலினின் வேலையைக் கெடுக்கும்.

பொங்கலுக்குக் காப்புக் கட்டும் ஆவாரம்பூவின்மேல் எனக்கும் பிரியம் உண்டு. ஆனால் ஊசிக்குப் பதிலாக அதன் கஷாயத்தை ஊற்றாதீர்கள். சுரக்கும் செல்களே அழிந்தபின் தூண்டிவிட அங்கே எதுவும் இல்லை. இன்சுலின் நின்றால் நாய் பிழைக்காது.

1921இல் டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைக் கண்டது நாய்களை வைத்துத்தான். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் நாய்களின் சர்க்கரை நோயை ஆராய அரசு தாராளமாகப் பணம் ஒதுக்குவது, நாம் பட்ட கடனைத் தீர்ப்பதாகும்.

வாசகிக்கு: சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் அறுவை செய்து புரையை நீக்கலாம், பெரும்பாலும் பார்வை திரும்பும். கிழிந்த லென்சிலிருந்து கசியும் புரதம் கண்ணுக்குள் அழற்சியை உண்டாக்கும் என்பதால், கண் மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் இந்த வாரமே காட்டிவிடுங்கள்.