பிள்ளையைப் பார்த்து வயது சொல்கிறோமே, எதைப் பார்த்து?

முன்பின் தெரியாத ஒரு குழந்தையைப் பார்த்ததும் "மூன்று, மூன்றரை இருக்குமா?" என்று கேட்கிறோம். பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அல்லது ஆறு மாதம் முன்னே பின்னே இருக்கும். எதை வைத்துச் சொன்னீர்கள் என்று யாராவது திருப்பிக் கேட்டால்தான் முழிப்போம். உயரத்தை வைத்து என்று பலர் சொல்லக்கூடும். அது பாதி உண்மைகூட இல்லை.

உயரத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையைப் பார்த்தால் போதும். பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நல்ல கவனிப்பில் வளர்ந்த குழந்தைகளை அளந்து 2006-இல் வெளியிட்டது அது. அதன்படி ஐந்து வயதுப் பையனின் நடுத்தர உயரம் 110 செ.மீ. ஆனால் நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேரையாவது உள்ளே அடக்க வேண்டுமென்றால் 101 முதல் 119 செ.மீ. வரை போக வேண்டும். 101 செ.மீ. என்பது மூன்றரை வயதைத் தாண்டிய சராசரிப் பையனின் உயரம். 119 என்பது ஆறரை வயதுக்காரனுடையது. ஒரே நாளில் பிறந்த இரண்டு பையன்கள், இருவருக்கும் ஒரு குறையும் இல்லை, ஆனால் உயரத்தில் ஏறக்குறைய மூன்று வயது வித்தியாசம்!

இருந்தாலும் அந்தக் குட்டைப் பையனை நேரில் பார்த்தால் மூன்றரை என்று சட்டெனச் சொல்லிவிட மாட்டோம். ஏதோ இடிக்கும். இடிப்பது அவனுடைய விகிதம்.

பிறந்த குழந்தையின் தலை, மொத்த நீளத்தில் கால் பங்கு. வளர்ந்தவருக்கு அது ஏழில் ஒன்றுக்கும் குறைவு. மூளைக்கு அவசரம் அதிகம் என்பதே காரணம். பிறக்கும்போது தலையின் சுற்றளவு சுமார் 35 செ.மீ., முதல் பிறந்தநாளில் 46, வளர்ந்தபின் 56 சொச்சம். அதாவது பிறந்தபின் கூடப்போவதில் பாதி முதல் வருடத்திலேயே முடிந்துவிடுகிறது. ஆறு வயதில் மூளை தன் முழு அளவில் ஏறத்தாழ 90 சதவீதத்தைத் தொட்டுவிடும். கைகால்கள் அப்படியல்ல, நிதானமாக வருகின்றன. இடுப்புக்கு மேலே உள்ள பகுதி, பிறக்கும்போது கீழே உள்ளதைப்போல் 1.7 மடங்கு. மூன்று வயதில் 1.3 மடங்கு. பத்து வயதுவாக்கில் இரண்டும் சமம். ஆக, தலை முன்னே ஓடிவிட்டது, கால் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதைத்தான் நம் கண் அளக்கிறது.

வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்லும் பழைய சோதனையின் சூட்சுமமும் இதுவே. பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல நாடுகளில் இது புழங்கியது. மூன்று வயதில் விரல் உச்சந்தலையைத் தாண்டவே தடுமாறும், ஆறேழு வயதில் காது மடலைப் பிடித்துவிடும். தலை கிட்டத்தட்ட நின்றுவிட்ட ஒன்று, கை வளர்ந்துகொண்டிருக்கும் ஒன்று. நிற்கும் ஒன்றை வைத்து வளரும் ஒன்றை அளப்பது உண்மையில் நல்ல யோசனை. தோராயம்தான், ஆனால் வெறும் உயரத்தைவிட மேல்.

முகத்துக்கு வருவோம். முகத்திலும் இதே கதை, கொஞ்சம் நுணுக்கமாக. மண்டையோட்டின் மேல்பகுதி மூளையோடு சேர்ந்து சீக்கிரம் வளர்ந்துவிடுகிறது. மூக்கும் மேல்தாடையும் கீழ்த்தாடையும் பதின்ம வயது முடியும்வரை மெல்ல மெல்ல இறங்கி நீள்கின்றன. அதனால் குழந்தை முகத்தில் கண்கள் பாதிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும், மேலே முழுக்க நெற்றி. வளர வளரக் கண்கள் மேலே ஏறுவதுபோலத் தோன்றும். உண்மையில் கண் எங்கும் போகவில்லை, கீழ்முகம் நீண்டிருக்கிறது. கண் பெரிதாகத் தெரிவதற்கும் இதுபோல ஒரு காரணம் உண்டு. விழியின் விட்டம் பிறக்கும்போதே 17 மி.மீ. அளவில் இருக்கும், வளர்ந்தபின் 24தான். சுற்றியிருக்கும் முகம் சிறியது என்பதால் கண் பெரிது.

டார்சி தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்து உயிரியலாளர் 1917-இலேயே, ஓர் உயிரின் வடிவத்தைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து கட்டத்தையே இழுத்து வளைத்தால் இன்னொரு வடிவம் கிடைக்கும் என்று காட்டினார். 1970-களில் அமெரிக்க உளவியலாளர்கள் பிட்டெஞ்சரும் ஷாவும் அதைப் பிள்ளைகளின் முகத்துக்குப் போட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்ட ரப்பர்ப் பையில் அடிப்பக்கம்தான் அதிகம் புடைக்கும், மேலே அழுத்தம் குறைவு. தலையும் அப்படித்தான் வளர்கிறது என்று வைத்துக்கொண்டு, அதைக் காட்டும் ஒரே ஒரு கணிதச் சமன்பாட்டால் பக்கவாட்டு முகக் கோட்டோவியம் ஒன்றை அவர்கள் மாற்றினார்கள். முடி இல்லை, சுருக்கம் இல்லை, தோலின் நிறம் இல்லை, வெறும் கோடு. ஒரு பக்கம் வளைத்தால் பார்த்தவர்கள் குழந்தை என்றார்கள், மறுபக்கம் வளைத்தால் பெரியவர் என்றார்கள். பிறகு இதே சமன்பாட்டை வோக்ஸ்வாகன் பீட்டில் காரின் படத்தின் மேலும் ஏவினார்கள். காரிலும் எது "சின்னது", எது "மூத்தது" என்று மக்கள் தயங்காமல் வரிசைப்படுத்தினார்கள். எனக்கு இந்த ஆராய்ச்சியில் மிகவும் பிடித்த இடம் இது. காருக்குப் பால்யம் ஏது?

முகத்தைத் தவிரவும் உடம்பு முழுக்கத் தடயங்கள் இருக்கின்றன, நாம் பெயர் சொல்லாமலே அவற்றைப் படிக்கிறோம். கைவிரல் முட்டியில் எலும்பு புடைப்பதற்குப் பதில் குழி விழுந்தால் அது கைக்குழந்தை, அல்லது அதைச் சற்றே தாண்டியது. நடக்கக் கற்ற புதிதில் கால்கள் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். இரண்டு வயதுக்குள் நேராகி, மூன்று நான்கு வயதில் எதிர்ப்பக்கம் போய் முட்டிகள் ஒன்றோடொன்று உரசும். ஏழு வயதுவாக்கில் பெரியவர்களுடைய கால்போல ஆகிவிடும். வயிற்றுத் தசை இறுகும்வரை தொந்தி துருத்திக்கொண்டிருக்கும். ஐந்தாறு வயதில் உடம்பில் கொழுப்பு மிகக் குறைவாக இருக்கும் காலம். "நன்றாக இருந்த பிள்ளை இளைத்துவிட்டது" என்று வீட்டில் கவலைப்படுவது பெரும்பாலும் அப்போதுதான்.

பல் இவற்றுள் தனி ரகம். கீழ் முன்பல் ஆறு மாதவாக்கில் எட்டிப்பார்க்கும். மூன்று வயதுக்குள் இருபது பால்பற்களும் வந்துவிடும். ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால், எதையும் விழவைக்காமல், முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் சத்தமில்லாமல் முளைக்கிறது. அப்புறம் முன்பற்கள் விழும். புதிதாக வந்த முன்பல்லின் விளிம்பைக் கிட்டே போய்ப் பாருங்கள்: மூன்று சிறு மேடுகளோடு ரம்பம் மாதிரி இருக்கும். கடித்துக் கடித்துச் சில வருடங்களில் அது தேய்ந்து நேராகிவிடும். சின்ன முகத்தில் பெரிய முன்பற்கள், விளிம்பில் ரம்பம் என்றால் ஏழு, எட்டு வயது என்று தைரியமாகச் சொல்லலாம்.

இந்தப் பல் கணக்குக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1833-இல் பிரிட்டன் கொண்டுவந்த ஆலைச் சட்டம், ஒன்பது வயதுக்குட்பட்டவர்களைப் பெரும்பாலான நெசவாலைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. பதின்மூன்றுக்குக் கீழே இருப்பவர்களுக்கு வாரம் 48 மணி நேரம்தான் வேலை. சரி, வயதை எப்படித் தெரிந்துகொள்வது? இங்கிலாந்தில் அரசே பிறப்பைப் பதியும் முறை 1837 ஜூலையில்தான் தொடங்கியது. ஆகவே மருத்துவர் ஒருவர் பிள்ளையைப் பார்த்து, ஒன்பது வயதுக்குரிய சாதாரண வலுவும் தோற்றமும் இருக்கிறது என்று சான்று கொடுத்தால் போதும் என்று வைத்தார்கள். கூலி தேவைப்பட்ட பெற்றோருக்கும் ஆள் தேவைப்பட்ட முதலாளிக்கும் பிள்ளை மூத்ததாகத் தெரிவதே வசதி. இந்த நிலையில் எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் வாயைப் பார்த்து, உயரத்தைவிடப் பல்லே நம்பகமான அளவுகோல் என்று 1837-இல் நாடாளுமன்றத்துக்கு எழுதினார். அவர் சொன்னது இன்றும் நிற்கிறது. பட்டினி எலும்பின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தும் அளவுக்குப் பல்லைத் தாமதப்படுத்துவதில்லை. ஆலையில் வேலை தேடி வந்தவர்களோ பெரும்பாலும் பட்டினிப் பிள்ளைகள்.

பத்து வயதைத் தாண்டியதும் இந்தத் தடயங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று முரண்பட ஆரம்பிக்கும். பிரெஞ்சுக்காரர் மோன்பெய்யார் 1759-இல் பிறந்த தன் மகனைப் பதினெட்டு வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து வைத்தார். ஒரே பிள்ளையின் வளர்ச்சியைத் தொடர்ந்து பதிந்த முதல் குறிப்பு அது. அதில் தெளிவாகத் தெரிவது, வருடத்துக்கு ஐந்தாறு செ.மீ. என்று சாவகாசமாகப் போன உயரம் பருவ வயதில் திடீரென்று எகிறுவது. சிக்கல் என்னவென்றால் அந்த எகிறல் எப்போது தொடங்கும் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். பருவமாற்றம் பெண்களுக்கு எட்டிலிருந்து பதின்மூன்று வயதுக்குள்ளும், ஆண்களுக்கு ஒன்பதிலிருந்து பதினான்கு வயதுக்குள்ளும் எப்போது தொடங்கினாலும் இயல்பு என்றே மருத்துவர்கள் கொள்கிறார்கள். ஐந்து வருட இடைவெளி! ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில், மீசை அரும்பியவனும் கீச்சுக்குரல் மாறாதவனும் உட்கார்ந்திருப்பது இதனால்தான். இங்கே நம் கண் செய்வது தப்பு என்று சொல்ல முடியாது. உடல் எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதை அது சரியாகவே படிக்கிறது. அந்த முதிர்ச்சியும் காலண்டரும் இந்த வயதில் சேர்ந்து நடப்பதில்லை, அவ்வளவுதான்.

எலும்பைப் படம் பிடித்தால் தெரிந்துவிடாதா? ஓரளவு தெரியும். பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் அங்குள்ள எட்டுச் சிற்றெலும்புகளில் ஒன்றுகூடத் தெரியாது, எல்லாம் இன்னும் குருத்தெலும்பு. சில மாதங்களில் இரண்டு தோன்றும், பிறகு ஒவ்வொன்றாக வரும், கடைசி எலும்பு தெரியப் பத்து வயதுவாக்கில் ஆகும். இதற்காக மருத்துவர்கள் இன்றும் புரட்டும் கிரூலிக், பைல் படத்தொகுப்பு 1950-இல் வந்தது. அதிலுள்ள படங்கள் 1930-களிலும் 40-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வசதியான வீட்டுப் பிள்ளைகளிடம் எடுத்தவை. வளர்ச்சியில் கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட தொகுப்பை வயதுச் சான்றிதழாக்கினால் என்ன ஆகும்? பதின்ம வயதில் இரண்டு வருடம் இப்படியோ அப்படியோ போவது சாதாரணம்.

கால்பந்தில் இதை ஓரளவு புத்திசாலித்தனமாகப் பயன்படுத்துகிறார்கள். 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பை 2009-இல் நைஜீரியாவில் நடந்தபோது, ஃபிஃபா மணிக்கட்டில் எம்.ஆர்.ஐ. எடுக்க ஆரம்பித்தது. இதில் கதிர்வீச்சு இல்லை. முன்கை எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு குருத்தெலும்புப் பகுதி உண்டு, எலும்பு நீள்வது அங்கேதான். பதினேழு நிரம்பாதவர்களில் அது முழுதாக மூடியிருப்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. மூடாமல் இருந்தால்? ஒன்றும் சொல்ல முடியாது, பத்தொன்பது வயதிலும் சிலருக்கு மூடியிருக்காது. வெளியே அனுப்ப உதவும் சோதனை, வயதைச் சொல்லும் சோதனையல்ல.

உடல் ஒரு பக்கம் ஏமாற்றுகிறது என்றால் பார்ப்பவரின் மனம் இன்னொரு பக்கம். முந்தைய முகத்தின் வயது அடுத்த முகத்தின் மதிப்பீட்டையும் தன் பக்கம் இழுக்கிறது. இளையவர்களை மூத்தவர்களாகவும் மூத்தவர்களை இளையவர்களாகவும் மதிப்பிட்டு எல்லோரையும் நடுவுக்குத் தள்ளும் போக்கும் உண்டு. இவையாவது தீங்கில்லாத பிழைகள். 2014-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கடுங்குற்றச் சந்தேகத்துக்கு ஆளானவர்களாகக் காட்டப்பட்ட கறுப்பினச் சிறுவர்களை, பார்த்தவர்கள் சராசரியாக நாலரை வயது கூட்டி மதிப்பிட்டார்கள். பதின்மூன்றரை வயதுப் பையன் அவர்கள் கண்ணில் பதினெட்டு. உயரமான பிள்ளைகளும் இதைச் சின்ன அளவில் தினமும் அனுபவிக்கிறார்கள். "இவ்வளவு பெரிய பையன் அழலாமா?" என்ற கேள்வி ஆறு வயதுக்காரனிடம் கேட்கப்படுவது அவன் உயரத்துக்காக.

இப்போது இந்த வேலையை மென்பொருளிடம் கொடுத்திருக்கிறோம். அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட், முகத்தைப் பார்த்து வயது சொல்லும் ஆறு மென்பொருள்களைச் சோதித்து 2024-இல் அறிக்கை தந்தது. விசா புகைப்படங்களில் சராசரிப் பிழை, 2014-இல் 4.3 ஆண்டு, 2024-இல் 3.1 ஆண்டு. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் இயந்திரத்துக்கும் கிடைப்பது அதே நெற்றியும் தாடையும் கன்னமும்தான். முகத்தில் இல்லாத பிறந்த தேதியை அது எங்கிருந்து எடுக்கும்?

ஆகவே ஓர் இடைவெளி விடுகிறார்கள். 18 என்பது எல்லை என்றால், 25 என்று தெரிபவரை மட்டும் கேள்வியில்லாமல் உள்ளே விடுவது, அதற்குக் கீழே தெரிபவரிடம் அடையாள அட்டை கேட்பது. பெரியவர்களுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கைத் தடைசெய்தது, முகத்தைப் பார்த்து வயது கணிப்பதும் அங்கே ஏற்கப்பட்ட வழிகளில் ஒன்று. பதினாறுக்கு மேலேயும் கீழேயும் மூன்று வருடம் இடைவெளி விட்டால் அதற்குள் வருபவர்கள் பதின்மூன்று முதல் பத்தொன்பது வரை, அதாவது தோற்றமும் வயதும் மிக அதிகமாக முரண்படும் கூட்டம். அவர்களில் பலரிடம் காட்டுவதற்குப் புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டையும் இருக்காது.